மிச்சத் தூள்

ஜூலை 7, திங்கள்

நெஞ்சு டாக்டர் எழுதச் சொன்னதால் இந்த நோட்டு. காலையில் மூச்சு எப்படி இருந்தது, எவ்வளவு தூரம் நடந்தேன், ராத்திரி இருமல் உண்டா, வீட்டில் வேறு என்ன நடந்தது, எல்லாவற்றையும் எழுதி ஒரு மாதம் கழித்துக் கொண்டுவர வேண்டுமாம். மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? இனிமேல் என் நெஞ்சுக்கு நானே ரீடிங் எடுக்க வேண்டியதுதான்.

பெயர் பெத்துராஜ். வயது 66. ஊர் சாத்தூர். வீட்டில் நானும் என் மனைவி சீனியம்மாளும். மகள் ஜோதிமணி திருப்பூரில் இருக்கிறாள். சிகரெட் முப்பத்தைந்து வருஷம் குடித்தேன், விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. நுரையீரலில் குழாய்கள் சுருங்கிவிட்டன, பழையபடி ஆகாது, ஆனால் மருந்தால் தளர்த்தி வைக்கலாம் என்று டாக்டர் நிலோஃபர் சொன்னார். சின்ன வயது அம்மா, ஆனால் பேச்சில் தெளிவு.

மருந்து ஒரு கேப்ஸ்யூல். விழுங்கக் கூடாது. ஒரு கருவிக்குள் போட்டு மூடினால் அதில் ஓட்டை விழும். உள்ளே இருக்கும் தூளை வாயால் உறிஞ்ச வேண்டும். தினமும் காலையில் ஒன்றுதான், இருபத்து நாலு மணி நேரம் வேலை செய்யும். திடீரென்று மூச்சு முட்டினால் இது உதவாது, அதற்கு நீல பம்ப் தனி. சிஸ்டர் ரெக்ஸலின் செய்து காட்டினார். "மூச்ச முழுசா வெளிய விட்டுருங்க ஐயா. அப்புறம் வாய் வச்சு வேகமா, ஆழமா இழுக்கணும். பத்து எண்ணற வரைக்கும் அடக்கணும். தொறந்து பாருங்க, தூள் மிச்சம் இருந்தா இன்னொரு தடவ இழுங்க." காலிக் கூடுகளை எறியாமல் ஒரு பாட்டிலில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். ஒழுங்காக இழுக்கிறேனா என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடுமாம்.

திரும்பி வரும்போது ரயில்வே மேம்பாலப் படியில் பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். எனக்குத் துணையாகச் சீனியும் படியில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் உட்கார்ந்தாள். பஸ் போய்விட்டது.

ஜூலை 8, செவ்வாய்

முதல் இழுப்பு. உள்ளே கேப்ஸ்யூல் கடகடவென்று சுற்றிய சத்தம் கேட்டது. பத்து எண்ணச் சொன்னார்கள், எனக்கு ஆறு வரைதான் தாங்கியது. நோட்டில் பொய் எழுதக் கூடாது என்பதால் ஆறு என்றே எழுதுகிறேன்.

திறந்து பார்ப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. கண்ணாடியும் எங்கோ கிடந்தது. சீனி பக்கத்தில் வந்து கையை நீட்டினாள்.

"இங்க குடுங்க. மிச்சம் கெடக்கான்னு நான் பாத்துக்கிறேன். நீங்க போயி வாயக் கொப்புளிங்க."

கொடுத்துவிட்டேன். வாய் கொப்பளித்து வந்தபோது அவள் கருவியைத் துடைத்து வைத்திருந்தாள். காலிக் கூடுகளைப் போட ஒரு சேவு பாட்டிலையும் கழுவிக் கவிழ்த்திருந்தாள். அவள் அண்ணன் கடையில் இருபத்தாறு வருஷம் சேவு போட்டவள். எங்கள் வீட்டில் உப்பு, மிளகாய், பட்டன், ஊசி எல்லாம் சேவு பாட்டிலில்தான் இருக்கும்.

ஜூலை 9, புதன்

மூச்சு நேற்று மாதிரிதான். கறிவேப்பிலைக்கும் இன்று விலை கேட்கிறார்கள்.

ஜூலை 12, சனி

இருக்கன்குடி ரோடு வரை நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். சீனியும் கூட வந்தாள். நான் நாலு இடத்தில் நின்றேன். இவளோடு நடப்பது இன்னும் கஷ்டம். மூன்று வீட்டு வாசலில் நின்று பூச்செடி பார்க்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "நந்தியாவட்டை என்னமா பூத்திருக்கு பாருங்க" என்கிறாள். நாற்பத்தோரு வருஷத்தில் இவளுக்குப் பூவின் மேல் இவ்வளவு ஆசை இருந்தது எனக்குத் தெரியாது.

ஜூலை 15, செவ்வாய்

மருந்து: எடுத்தேன். மூச்சு: மாற்றம் இல்லை. இருமல்: ராத்திரி இரண்டு முறை.

காபி குடிக்கும்போது டம்ளரில் இரண்டு மடக்கு வைத்துவிட்டு நீட்டினேன். இது டாக்டருக்கு வேண்டாத விஷயம்தான், ஆனாலும் எழுதுகிறேன். கல்யாணமான புதிதில் ஒருநாள் இனிப்பு அதிகமென்று மிச்சம் வைத்தேன். அவள் அதைக் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிச் சிரித்தாள். அன்றிலிருந்து வைக்கிறேன். ஏன் என்று நானும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. தோசையில் ஒரு விள்ளல், வெற்றிலையில் பாதி. ஜோதிமணிக்கு இது பிடிக்காது. "உனக்குன்னு தனியா ஒண்ணு போட்டுக்கக் கூடாதாம்மா?" என்று கேட்பாள். இவள் காதில் வாங்கமாட்டாள்.

ஜூலை 19, சனி

தலையணையைக் காணோம். வீட்டில் மொத்தம் ஐந்து. என்னிடம் இரண்டு. தேடிப் பார்த்தால் மூன்றும் சீனியின் பாயில் அடுக்கி இருக்கின்றன. "கழுத்து வலி" என்றாள். ஒன்றுக்கே கழுத்து வலிக்கும், மூன்று வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். விளக்கை அணைத்துவிட்டாள்.

மருந்து எடுத்தேன். மூச்சு அதே.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்குப் படையல். சீனி காலையிலிருந்து சமைத்தாள். கேஸ் அடுப்பு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சமைக்கிறாள், இது ஒரு புதுப் பழக்கம். முன்பெல்லாம் விறகடுப்பு முன்னால் நின்றபடியே பத்துப் படி மாவைச் சேவாகப் பிழிந்தவள்.

நான் சாப்பிட்டு எழுந்ததும் அதே இலையில் உட்கார்ந்தாள். வழக்கம்போல் ஒரு வடையும் கொஞ்சம் பாயசமும் விட்டிருந்தேன். "இன்னிக்கு வடை நல்லா வந்திருக்கு, நீங்க முழுசா சாப்ட்டிருக்கலாம்ல" என்றாள். சொல்லும்போதே வடையைக் கடித்தாயிற்று.

படையலில் சூடம் காட்டியபோது புகை பட்டு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல். காக்கை பயந்து பறந்துவிட்டது. அப்பா கோபித்திருக்கமாட்டார், அவரும் இருமிக்கொண்டேதான் போனார்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எனக்கு மூச்சு ஒரு இம்மிகூட நகரவில்லை. குளிக்கும்போது சொம்பைத் தூக்கினாலே இளைக்கிறது. ஆனால் சீனி மொட்டைமாடிக்கு ஏறி வற்றல் போட்டுவிட்டு வந்தாள். மாடிக்கு அவள் போய் ஒரு வருஷம் இருக்கும். இறங்கி வந்து, "மேலருந்து பாத்தா வைப்பாத்துல கொஞ்சம் தண்ணி ஓடுதுங்க" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கு எரிச்சலாக இருந்தது. புருஷன் மூச்சுக்குத் தவிக்கும்போது ஆற்றில் தண்ணீர் ஓடினால் என்ன, மணல் ஓடினால் என்ன. பிறகு எரிச்சல்பட்டதற்காக வருத்தப்பட்டேன்.

மருந்துப் பெட்டியில் இருந்த காகிதத்தைப் படித்தேன். இதை எடுத்தால் வாய் வறண்டுபோகலாம் என்று போட்டிருக்கிறது. எனக்கு வறட்சி பெரிதாக இல்லை. சீனிதான் போகிற இடமெல்லாம் சொம்புத் தண்ணீரோடு திரிகிறாள். ஆடிக் காற்று.

ஆகஸ்ட் 6, புதன்

ஆஸ்பத்திரி. ஊதிப் பார்க்கும் மெஷினில் மூன்று முறை ஊதினேன். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், பழைய காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நோட்டைக் கேட்கவில்லை. வெளியே கூட்டம்.

"கேப்ஸ்யூல் தெனமும் எடுக்கறீங்களா ஐயா?"

"ஒருநாள் விடல டாக்டர்."

சேவு பாட்டிலை மேஜைமேல் கவிழ்த்தார். முப்பது கூடுகள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றில்கூடத் தூள் இல்லை. கழுவி வைத்த மாதிரி இருந்தன.

"ரொம்ப நல்லா இழுக்கறீங்க. பல பேருக்குப் பாதி உள்ளயே நின்னுரும். ஆனா மருந்து முழுசா உள்ள போயும் ஏன் கொஞ்சம்கூட முன்னேற்றம் இல்லன்னுதான் எனக்குப் புரியல."

டாக்டருக்கே புரியவில்லை என்றால் நான் எங்கே போவது? இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் மதுரைக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்து, குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். வேறு எதுவும் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். 'வேறு' என்றால் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பாவுக்கு அப்படித்தான் குழாய் விட்டார்கள். அவர் மதுரையிலிருந்து நடந்து வரவில்லை.

சீனி டாக்டர் அறைக்குள் வரவேயில்லை. வெளியே பெஞ்சில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மருந்துக் கடையில் சண்டை. "இது போலி மருந்தா, உண்மையைச் சொல்" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் பில்லையும் தேதியையும் காட்டினார். நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். மூச்சு முட்டி அவர் கடை ஸ்டூலிலேயே உட்கார வேண்டியதாயிற்று. அவரே தண்ணீர் கொடுத்தார். வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

ஜோதிமணி போன் செய்தாள். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் திருப்பூருக்கு வந்துவிட வேண்டுமாம். நான் முடியாது என்றேன். போனைச் சீனியிடம் கொடுத்தேன். இரண்டு வார்த்தை பேசுவாள், நிறுத்துவாள். மறுபடி இரண்டு வார்த்தை. கடைசியில், "அப்பா நல்லா ஆயிருவாரு. அவருக்கு அவரவிட என்மேலதான் அக்கறை" என்றாள். சம்பந்தமில்லாத பதில். யார் என்ன கேட்டார்கள், இவள் என்ன சொல்கிறாள்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

செருப்பு மாட்டும்போதே இளைப்பு. நீல பம்ப் இரண்டு முறை. மதுரை, மதுரை என்றே நினைப்பு ஓடுகிறது.

ஆகஸ்ட் 23, சனி

உட்கார்ந்து யோசித்தேன். வேலையில் இருந்த காலத்தில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். மீட்டர் ஓடும், வீட்டில் விளக்கு எரியாது. அப்படியென்றால் மின்சாரம் நடுவில் வேறு எங்கேயோ போகிறது என்று அர்த்தம். ஒரு கல்யாண மண்டபக்காரன் பக்கத்து வீட்டு லைனில் கொக்கி போட்டுத் திருடியதை நான்தான் கண்டுபிடித்தேன். அதற்குப் பாராட்டுக் கடிதமே உண்டு.

இங்கே கூடு காலி. நெஞ்சும் காலி. என் வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் எவன் கொக்கி போட முடியும்? மண்டை குழம்புகிறது. ஒருவேளை கூட்டில் மருந்தே இல்லையோ? நாளையிலிருந்து எல்லாவற்றையும் நானே பார்க்கப் போகிறேன். கண்ணாடியைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இழுத்தேன். வழக்கம்போல் சீனி கையை நீட்டினாள். "இன்னைக்கு நானே பாத்துக்கிறேன், நீ போ" என்றேன். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள். கை ஈரமாக இல்லை.

கண்ணாடி போட்டுத் திறந்து பார்த்தேன். கூட்டில் பாதிக்கு மேல் தூள் கிடக்கிறது.

முப்பது நாள் சுத்தமாகக் காலியான கூடு இன்று காலியாகவில்லை. இன்னொரு முறை இழுக்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்னது நினைவு வந்தது. ஆனால் டாக்டரிடம் காட்ட வேண்டுமே என்று இழுக்கவில்லை. அப்படியே காகிதத்தில் மடித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்றும் பாதி. எனக்கு இழுக்கும் சக்தியே போய்விட்டதா? ஒரே ராத்திரியில் நெஞ்சு இப்படிச் செத்துப்போகுமா? யாரிடமும் சொல்லவில்லை.

சீனி வாசல் பெருக்கவில்லை. கேட்டால் முழங்கால் வலி என்கிறாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பாதிக்கு மேல். மூன்று கூடுகள், மூன்றிலும் தூள். காகிதத்தில் தேதி போட்டு மடித்து வைத்திருக்கிறேன். பீரோ சாவி, பாங்க் புத்தகம், இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதினேன். சீனிக்குத் தெரிய வேண்டும்.

அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. காபி டம்ளரை நீட்டினால் வாங்கிக்கொள்கிறாள், சிரிக்கவில்லை. வீட்டில் இருமல் சத்தம். எது என்னுடையது, எது அவளுடையது என்றே தெரியவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

காலை ஆறு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. சீனி குடத்தோடு போனாள். குடம் விழுந்த சத்தம் கேட்டு வெளியே வந்தேன். குழாயடிக் கல்லில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, வாயைத் திறந்து மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். தோள் எழும்பி எழும்பி இறங்கியது. அது என் மூச்சு. நான் இரண்டு வருஷமாக மூச்சு வாங்கும் விதம் அதுதான். அதைக் கண்ணாடியில்கூட நான் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

நீல பம்ப்பை எடுத்து ஓடினேன். ஓடினேன் என்றா எழுதினேன்? ஆமாம், ஓடினேன். எப்படி இழுக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் வாங்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அழுத்தி இழுத்து, கண்ணை மூடிப் பத்து வரை அடக்கினாள். சிஸ்டர் ரெக்ஸலின் சொன்ன மாதிரியே. என்னைவிட நன்றாக.

வீட்டுக்குள் கூட்டி வந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். கொஞ்சம் தெளிந்ததும் கேட்டேன்.

"இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லிக் குடுக்கணும்? அந்தம்மா உங்களுக்குச் சொல்லும்போது நானும் நின்னேன்ல. தெனமும் இழுத்தேன்ல."

"எத இழுத்த?"

என்னை விநோதமாகப் பார்த்தாள். "நீங்க மிச்சம் வக்கிறதத்தான்."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவள்தான் சொன்னாள், இடையிடையே நிறுத்தி நிறுத்தி.

"மொத நாளே கூட்டுக்குள்ள பாதி கெடந்துச்சு. முந்தின நாளு பாலத்துப் படியில எனக்கு மூச்சு வாங்கினத நீங்க பாத்தீங்கல்ல. அதான் எனக்குன்னு பாதி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். உங்க முன்னாடி இழுக்க ஒரு மாதிரி இருந்துச்சு. அடுப்படிக்குப் போயி செவுத்தப் பாத்து இழுப்பேன். ஒரு துளி வீணாக்கல. மூணே வாரத்துல மாடி ஏறினேன், பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். இந்த நோட்டில் எழுதியும் இருக்கிறேன்.

"அப்புறம் இந்த நாலஞ்சு நாளா குடுக்காம நீங்களே எடுத்து வச்சுக்கிட்டீங்க. என்ன தப்புப் பண்ணினேன்னு தெரியல. கேட்டு வாங்கறதுக்கு அது என்ன வடையா? உங்க மருந்து. அதான் பேசாம இருந்தேன்."

"எத்தன நாளா இப்படி இருக்கு உனக்கு?"

"கடைய விட்டு நின்னதுலருந்தே லேசா இருக்கு. பெரியவங்களுக்கு இளைப்பு வராதா, என்ன? நான் என்ன சிகரெட்டா குடிச்சேன், டாக்டர்கிட்ட போக? உங்களுக்கே ஆயிரம் செலவு." பிறகு என் முகத்தைப் பார்த்து, "எனக்குன்னுதானங்க வச்சீங்க?" என்றாள்.

இல்லை. நான் வைக்கவில்லை. ஒரே இழுப்பில் சோம்பல்பட்டு, இருமலுக்குப் பயந்து, கண்ணாடி தேட அலுத்து விட்டுப்போன தூள் அது. அவள் படியில் உட்கார்ந்ததை எனக்குத் துணையாக உட்கார்ந்தாள் என்று நினைத்தவன் நான்.

"ஆமா" என்றேன்.

கொக்கி என்று போன வாரம் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்று கூட்டைத் திறந்து பார்த்து, மிச்சத்தையும் நானே இரண்டாம் முறை இழுத்தேன். காலி. சீனியிடம் சொன்னேன்: "புதன்கிழமை நீயும் டாக்டர்கிட்ட வர்ற. அதுவரைக்கும் மூச்சு முட்டினா நீல பம்ப். என்கிட்ட சொல்லணும், மறைக்கக் கூடாது." அவள் காலிக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது.

செப்டம்பர் 3, புதன்

டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஊதினோம். முதலில் நான். ஆறு நாள்தான் முழு மருந்து எடுத்திருக்கிறேன், அதற்கே எண் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மதுரை வேண்டாம் என்றார் டாக்டர். பத்து நாள் முன்னால் இதைக் கேட்டிருந்தால் அங்கேயே ஆடியிருப்பேன்.

பிறகு சீனி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சிஸ்டர் "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க" என்று கத்தக் கத்த ஊதினாள். காகிதம் வந்தது. டாக்டர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தலைகீழாகப் படித்தாலும் எண் எண்தானே. அவளுடையது என்னுடையதைவிடக் குறைவு. ரொம்பக் குறைவு.

"இவங்க சிகரெட்டே தொட்டதில்லையே டாக்டர்" என்றேன்.

"வெறகடுப்பு முன்னாடி இருபத்தாறு வருஷம்னு இப்பதான சொன்னீங்க? அந்தப் புகையும் புகைதான் ஐயா." பிறகு சீனியிடம் திரும்பி, "அடுத்தவங்க மருந்த எடுக்கவே கூடாதும்மா, அவருக்கும் பத்தாம உங்களுக்கும் பத்தாம போச்சு பாருங்க" என்று லேசாகக் கடிந்துகொண்டார். "சரி, எப்பலருந்து மூச்சு வாங்குது? எப்ப அதிகம், எப்பக் கொறைவு?"

சீனி என் பக்கம் கையைக் காட்டினாள். "எனக்கு நாள் தேதியெல்லாம் ஞாபகம் இருக்காது டாக்டரம்மா. அவருக்குத் தெரியும். அவருதான் மொதல்ல கண்டுபிடிச்சாரு. அவரக் கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். என் கையில் இந்த நோட்டு இருந்தது. நீட்டிவிட்டேன், வேறு என்ன செய்ய?

டாக்டர் படித்தார். வெளியே கூட்டம் இருந்தும் முதல் பக்கத்திலிருந்து படித்தார். படிக்கும்போது சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போனார். பாலத்துப் படி. நந்தியாவட்டை. மூன்று தலையணை. ஸ்டூல். சொம்புத் தண்ணீர். போனில் இரண்டு வார்த்தை. கடைசிப் பக்கம் வந்ததும் அவர் பேனா நின்றது. அங்கே நான் "ஆமா" என்று சொன்னது எழுதியிருக்கிறது. அதற்கு முன்னால் "இல்லை" என்று இருப்பதும்.

தலை தூக்கினார். எனக்கு உயிர் போய்விட்டது. சீனி பக்கத்திலேயே இருக்கிறாள்.

"எல்லாம் இதுல இருக்கும்மா" என்றார் டாக்டர் சீனியிடம். "உங்க மூச்சப் பத்தி ரெண்டு மாசமா ஒரு நாள் விடாம எழுதியிருக்காரு. இவ்வளவு வெவரமா எந்தப் பேஷன்ட்டும் எங்கிட்ட சொன்னதில்ல."

நோட்டை மூடி என்னிடம் தந்தார். சீனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆடி அமாவாசை வடையைக் கடித்தபோது பார்த்த மாதிரி.

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று ராத்திரி நோட்டை முதலிலிருந்து படித்தேன். சிவப்புக் கோடு இல்லாத பக்கமே குறைவு. முப்பத்தோரு வருஷம் ரீடிங் எடுத்த கண் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது, எழுதியும் வைத்திருக்கிறது. என்ன எழுதுகிறோம் என்று ஒருநாளும் படித்துப் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய முட்டாள் நான்.

இப்போது வீட்டில் இரண்டு கருவி, இரண்டு பெட்டி, இரண்டு சேவு பாட்டில். மாறிவிடக் கூடாதென்று அவளுடையதில் மஞ்சள் நூல் கட்டியிருக்கிறேன். காலை ஆறரைக்கு இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்தோம். நான் இழுத்தேன், பார்த்தேன், மறுபடி இழுத்தேன். காலி. அவளிடம் காட்டினேன்.

அவள் தன்னுடையதை எடுத்துக்கொண்டு எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"எங்க போற? இங்க ஒக்காரு. என்னப் பாத்து இழு."

வெட்கப்பட்டாள். அறுபத்திரண்டு வயதில் அப்படி ஒரு வெட்கம். பிறகு உட்கார்ந்து இழுத்தாள். கடகடவென்று சத்தம் கேட்டது. பத்து வரை நான் எண்ணினேன். திறந்து, கூட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே கொஞ்சம் தூள் இருந்தது. என்னைவிட நன்றாக இழுக்கத் தெரிந்தவள் இவள்.

"மிச்சம் இருக்கே?"

"இருக்கட்டும்" என்றாள். "அது உங்களுக்கு."

கூட்டைத் திரும்ப உள்ளே வைத்து, கருவியை மூடி அவள் கையில் கொடுத்தேன்.

"காபியில வை, வாங்கிக்கிறேன். இதுல மட்டும் எனக்கு வைக்காத சீனி. முழுசும் நீயே இழு."

இழுத்தாள். என்னைப் பார்த்தபடியே இழுத்தாள்.